பசியாறியாச்சா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சிங்கப்பூரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? கேட்டவர்களின் நிலைமை ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதால் பதிலும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

அக்கா, வேலைக்காக இங்கே வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வீடு செங்காங், அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க். மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் ஃபுட் கோர்ட், ராத்திரி வீட்டுப் புளோக்குக்குக் கீழே புரோட்டாக் கடை. இத்தனை இனத்தவர் வாழும் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சாப்பிடுகிறேனே என்று எனக்கே அலுப்பாக இருக்கிறது. நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புகிறார்கள். எதை நம்புவது?
— வாசகர், செங்காங்

எதையும் நம்ப வேண்டாம் தம்பி. பட்டியல் போட்டவர் ஏதோ ஒரு நாள் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு அடுப்பில் நின்றவர் இன்றைக்கும் நிற்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. கடைப் பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, உணவங்காடி நிலையத்துக்குள், அதாவது பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடத்துக்குள், நுழைந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் எந்தப் பேட்டையில் இறக்கிவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தீவில் 110-க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கடை வைத்திருப்பவர்களில் பழைய தலைமுறை தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் தோளில் காவடி கட்டியும் விற்றவர்கள். 1971 முதல் 1986 வரை அரசாங்கம் நிலையங்களைக் கட்டி அவர்களை உள்ளே கொண்டுவந்தது. வண்டிக்காரர் எத்தனை வகை சமைக்க முடியும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கூரைக்குக் கீழே வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. ஆகவே பலகையில் முப்பது நாற்பது படம் ஒட்டிய கடையைத் தாண்டிப் போங்கள். இரண்டு மூன்று படம் மட்டும் இருக்கும் கடைமுன் நில்லுங்கள். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருப்பார்.

அடுத்தது, நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'சீனச் சாப்பாடு' என்று சொல்லிவிடுகிறார்கள். செட்டிநாட்டுக் குழம்பையும் நாஞ்சில் நாட்டுக் குழம்பையும் ஒன்று என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இங்கே ஹொக்கியன், தியோச்சியூ, கண்டனீஸ், ஹைனானீஸ், ஹக்கா என்று ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. சிக்கன் ரைஸ் ஹைனான் காரர்களுடையது. இறால் தலையையும் எலும்பையும் கொதிக்கவைத்த சாற்றில் மஞ்சள் நூடுல்ஸையும் வெள்ளை நூடுல்ஸையும் சேர்த்துப் புரட்டுவது ஹொக்கியன் கை. மீன் சூப், கஞ்சி, அதற்குத் தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னத் தட்டுகள் என்றால் தியோச்சியூ. கண்ணாடிக்குப் பின்னால் வாத்தும் சிவக்கச் சுட்ட பன்றி இறைச்சியும் தொங்கினால் கண்டனீஸ். தோஃபுவிலும் காய்களிலும் மீன் விழுதை அடைத்துச் செய்யும் யோங் தாவ் ஃபூ ஹக்காக்களுடையது. கடைப் பலகையில் இந்தப் பிரிவின் பெயரே பல இடங்களில் எழுதியிருக்கும். ஹைனானீஸ் என்று போட்ட கடையில் போய் ஹொக்கியன் மீ கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

மலாய்க்காரர் பக்கமும் அப்படித்தான். சோற்றோடு பல வகைக் குழம்பும் கறியும் வைத்துத் தரும் நாசி படாங் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமிருந்து வந்தது, சோத்தோ என்ற மசாலா சூப் ஜாவாக்காரர்களுடையது. மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், பொரித்த வடைகளைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடும் இந்தியன் ரொஜாக் இரண்டும் நம் ஆட்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், இங்கே வந்த பிறகு இந்த மண்ணுக்கு ஏற்றபடி உருவாக்கியவை. தக்காளியும் மிளகாயும் சேர்ந்து சிவந்த அந்த மீ கோரேங்கை ஊருக்குப் போய்த் தேடினாலும் கிடைக்காது. எனவே இங்கே இருக்கும்போதே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம் நேரம். இதில்தான் அலுவலக ஆட்கள் ஏமாறுகிறார்கள். நாசி படாங் கடையில் பதினொரு மணிக்குத் தட்டுகள் வரிசையாக வந்து இறங்கும். ரெண்டாங் என்ற சுண்டிய இறைச்சிக் கறியும் பலாக்காய்க் குழம்பும் அப்போதுதான் முழு வாசத்தோடு இருக்கும். நீங்கள் இரண்டு மணிக்குப் போனால் ஆறிப்போன குழம்பும், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய காயும்தான். லொந்தோங் (அமுக்கிய சோற்றுக் கட்டியும் குழம்பும்), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), புரோட்டா எல்லாம் காலைக்கு உரியவை. சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), சுட்ட திருக்கை மீன் போன்றவை அந்திக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். கடை சாத்தியிருந்தால் 'நன்றாக ஓடவில்லை போல' என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை மணிக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்தான் பெரும்பாலும் அந்த நிலையத்தின் நல்ல சமையல்காரர்.

உள்ளே போனவுடன் வாங்காதீர்கள். ஒரு சுற்று நடங்கள். வட்டமேசையில் தனியாக உட்கார்ந்து நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் முன்னால் என்ன தட்டு இருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் தினமும் வருகிறவர்கள், விலையிலும் ருசியிலும் ஒரு காசு விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "அங்கிள், இது எந்தக் கடை?" என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். சில பேர் கூடவே எழுந்தும் வருவார்கள்.

உங்கள் இருப்பிடத்தை வைத்துச் சொன்னால், ஒரு சனிக்கிழமை காலையில் சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்குப் போய் நாசி லெமாக் சாப்பிடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கடைகளே போட்டி போட்டுக்கொண்டு விற்கும். வேலை முடிந்து வரும் ராத்திரியில் என்றால் பிடோக் நார்த், 85-ஆம் புளோக். இரண்டும் உங்கள் அலுவலகம் இருக்கும் கிழக்குப் பக்கம்தான். ஃபுட் கோர்ட்டின் ஏர்கான் மட்டும் கிடைக்காது. வேர்க்கத்தான் செய்யும்.

நான் சைவம், முட்டையும் கிடையாது. கணவரின் நண்பர்கள் உணவங்காடிக்குக் கூப்பிடும்போதெல்லாம் கரும்புச் சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் சிராங்கூன் சாலைக்கே ஓட வேண்டியதுதானா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

சிராங்கூன் சாலையின் நம்மூர்ச் சைவ உணவகங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனந்த பவன் 1924-லிருந்து இருக்கிறது, கோமள விலாஸ் 1947-லிருந்து. ஆனாலும் உங்கள் ஆதங்கம் புரிகிறது. எல்லாரும் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சாப்பிடும் மேசையில் நீங்கள் மட்டும் சாறு குடித்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிதான் இருக்கும்.

முதலில் எங்கே கவனம் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ச் சமையலில் மறைந்திருக்கும் ஆள் காய்ந்த இறால். லக்சாக் குழம்பிலும் அதுதான், லொந்தோங்குக்கு ஊற்றும் காய்கறிக் குழம்பிலும் அதுதான், போப்பியா என்ற மெல்லிய சுருளுக்குள் இருக்கும் கிழங்கிலும் பெரும்பாலும் அதுதான். கங்கோங் கீரை பார்க்க முழுக்க முழுக்கச் சைவமாகத் தெரியும். ஆனால் அதன் சம்பலில் பெலாச்சான், அதாவது இறாலை அரைத்துப் புளிக்கவைத்த விழுது, போட்டிருப்பார்கள். இங்கே 'கேரட் கேக்' என்று விற்பதில் முள்ளங்கியும் முட்டையும்தான் இருக்கின்றன, சில கடைகளில் பன்றிக் கொழுப்பிலும் வதக்குவார்கள். வாழைப்பழ பஜ்ஜி கூட, மீன் உருண்டை பொரித்த எண்ணெயிலேயே வெந்திருக்கலாம். கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள். மலாய்க் கடையில் "அட உடாங்?" என்றால் இறால் இருக்கிறதா என்று அர்த்தம். அவர்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். சீனக் கடையில் "வோ ச்சு சூ", நான் சைவம் என்று சொன்னால் போதும்.

இனி நல்ல செய்தி. பெரும்பாலான உணவங்காடிகளில் ஒரு சீனச் சைவக் கடை இருக்கும். நம்மவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள், காரணம் அங்கே தொங்கும் வாத்தும் கோழியும். அவை கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்த பொய் இறைச்சி. பார்க்கச் சங்கடமாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் பீஹூன் கேளுங்கள். காலையில் வதக்கிய அரிசி சேமியா, மேலே மொறுமொறுவென்று பொரித்த தோஃபு ஏடு, கொஞ்சம் முட்டைகோஸ், ஓரத்தில் மிளகாய் விழுது. சில வெள்ளிதான் ஆகும், வயிறு நிறையும். பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். நம் கணக்குக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று இந்தக் கடைகளில் கூட்டம் அள்ளும், வழக்கமாக இல்லாத வகைகளும் வரும். நாள்காட்டியைப் பார்த்துப் போங்கள், அன்று மதியம் பன்னிரண்டுக்கு முன்பே போங்கள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள். ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். சீனப் பக்தர்கள் இங்கே ஊதுவத்தி ஏற்றிவிட்டு அங்கேயும் வந்து கும்பிட்டுப் போவார்கள். சாமி கும்பிட்டதும் சற்றுத் தள்ளி மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர். வெளியிலிருந்து பார்த்தால் பழைய கட்டடம், உள்ளே சைவக் கடைகள் நிறைய.

துணிச்சல் இருந்தால் ஹக்காக்களின் லெய் சா சாப்பிட்டுப் பாருங்கள். சோற்றின் மேல் பொடியாக நறுக்கிய கீரைகள், நிலக்கடலை, தோஃபு, அதற்கு ஊற்றிக்கொள்ளத் தேயிலையும் மூலிகை இலைகளும் அரைத்த பச்சைச் சாறு. நெத்திலி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் வாய்க்கு மருந்து குடிப்பதுபோல இருக்கும். எனக்குப் பிடிக்கும், என் வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது.

நீண்ட வரிசை நின்றால் நல்ல கடை என்கிறார்கள். மிச்செலின் என்ற உணவக வழிகாட்டியின் பட்டியலில் உள்ள கடைக்கு ஒரு மணி நேரம் நின்று சாப்பிட்டேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. என் நாக்கில் குறையா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

உங்கள் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வரிசையைப் பார்த்தவுடன் அதில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எல்லார் கையிலும் கேமராவும் பயணப் பையும் இருந்தால் அது நேற்று யாரோ காணொளி போட்டதால் வந்த வரிசை. அலுவலக அட்டை தொங்கும் கழுத்துகளும் பிளாஸ்டிக் கூடையோடு ஆன்ட்டிமார்களும் நின்றால் நில்லுங்கள்.

வரிசை நீளமாக இருக்க இன்னொரு காரணம் வேகம். சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸை நல்ல கடைகளில் தட்டுத் தட்டாகத்தான் வறுப்பார்கள். சட்டியின் சூடு அப்போதுதான் ஏறும். பத்துப் பேர் நின்றால் அரை மணி நேரம் போய்விடும். சிக்கன் ரைஸ் கடையில் அதே பத்துப் பேர் என்றால் வெட்டி வைத்துக் கொடுப்பதுதான் வேலை, கண் மூடித் திறப்பதற்குள் உங்கள் முறை வந்துவிடும். அதனால் வரிசையின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

மிச்செலின் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ல் சிங்கப்பூருக்கு முதல் பட்டியல் வந்தபோது இரண்டு உணவங்காடி வகைக் கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள்: கிராஃபர்ட் லேனில் இருக்கும் ஹில் ஸ்திரீட் தை ஹ்வா பன்றி இறைச்சி நூடுல்ஸ் கடை, சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயா சாஸ் கோழி விற்ற கடை. உலகமே திரும்பிப் பார்த்தது. கோழிக் கடைக்கு 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது. அதே சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் 200-க்கும் மேற்பட்ட கடைகள் உண்டு, நாட்டிலேயே பெரிய உணவங்காடி அதுதான். ஒரு கடைக்கு மட்டும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருந்தால் அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் குழுவில் மலாய் நண்பர் ஒருவர், சீனர்கள் மூவர், மாட்டிறைச்சி சாப்பிடாத நான். எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிட எங்கே போவது?
— வாசகி, ஆங் மோ கியோ

உணவங்காடியை விட வசதியான இடம் இதற்கு இல்லை. ஒரே மேசை, அவரவர் தட்டு. உணவகத்துக்குப் போனால்தான் சிக்கல்.

மலாய் நண்பர் விஷயத்தில் ஒன்று. 'பன்றி இல்லை, கொழுப்பு இல்லை' என்று பலகை வைத்த கடைகள் நிறைய இருக்கின்றன. அதனால் மட்டும் அது ஹலால் கடை ஆகிவிடாது. சான்றிதழ் கொடுப்பது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம், 1978-லிருந்து கொடுக்கிறது. சான்றிதழ் வாங்காமலே முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் உண்டு. உங்கள் நண்பர் எதுவரை ஏற்றுக்கொள்வார் என்பது அவருடைய விருப்பம். அவருக்காக நீங்களே கூகுளில் தேடி முடிவு செய்துவிட்டு 'இங்கே சாப்பிடலாம்' என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவரையே கடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நல்ல இடமும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்தவுடன் தட்டைத் திருப்பி வைக்கும் அலமாரி ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. அவசரத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள். வைக்காமல் போனாலும் தப்பு. 2021 செப்டம்பரிலிருந்து முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். முந்நூறு வெள்ளிக்கு எத்தனை தட்டு நாசி படாங் வாங்கலாம் என்று யோசியுங்கள்.

உங்களுக்கு: ரெண்டாங் என்றால் பெரும்பாலும் மாடு. கோழி ரெண்டாங்கும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சீன நண்பர்களிலும் குவான் இம்மை வழிபடுகிறவர்கள் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். விசாரித்துப் பாருங்கள், துணைக்கு ஆள் இருக்கக்கூடும்.

இணையத்தில் 4.6 நட்சத்திரம் பார்த்துப் போனேன். வாயில் வைக்க முடியவில்லை.
— வாசகர், பொங்கோல்

நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் படியுங்கள். 'கை மாறிவிட்டது', 'பழைய அங்கிளைக் காணோம்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். பலகையும் பெயரும் அப்படியே இருக்க, சட்டியைப் பிடிப்பவர் மாறுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. 'கடைக்காரர் சிடுசிடுக்கிறார்' என்று குறை சொல்லியிருந்தால் அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். கடையில் தொங்கும் ஏ, பி எழுத்துகள் சுத்தத்துக்குக் கொடுத்தவை, ருசிக்கு அல்ல. அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அக்கா, துவாஸ் விடுதியில் இருக்கிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் வெளியே. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பினால் நாள் போய்விடுகிறது. வேறு ஊர்க்காரர்களின் சாப்பாட்டையும் பார்க்க ஆசை. அதிகம் செலவு செய்ய முடியாது.
— வாசகர், துவாஸ்

இந்தக் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம் தம்பி. உங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதே ஒரு வசதி. உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து உழைப்பவர்கள் பலரும் அன்றுதான் வெளியே வருகிறார்கள், அவரவர் ஊர்ச் சாப்பாடு அன்றுதான் ஜோராகக் கிடைக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு இது தெரியாது.

தேக்காவிலிருந்து நடந்தே போகலாம்: டெஸ்கர் ரோடு, லெம்பு ரோடு பக்கம் வங்காளதேசக் கடைகள். சோறு, மீன் குழம்பு, கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு. நம் நாக்குக்குப் பழகிய சாப்பாடுதான், ஆனால் அந்தக் கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறும். வேலையிடத்தில் வங்காளதேசத்து நண்பர் இருந்தால் அவரோடு போங்கள், எதை வாங்குவது என்று அவரே சொல்வார்.

இன்னொரு ஞாயிறு சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கிப் பெனின்சுலா பிளாசாவுக்குப் போங்கள். அந்தக் கட்டடம் அன்று முழுக்க மியன்மார்தான். மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா, புளித்த தேயிலையில் பிசைந்த சாலட் எல்லாம் கிடைக்கும். சென்னையில் அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது அது. அதன் உறவுக்காரர்களை இங்கே பார்க்கலாம்.

ஆர்ச்சர்டில் லக்கி பிளாசா பிலிப்பீன்ஸ்காரர்களின் இடம். பாய லேபாரில் சிட்டி பிளாசா இந்தோனேசியர்களுடையது, நசுக்கிய பொரித்த கோழியும் சம்பலும் அங்கே கேட்டு வாங்குங்கள், காரம் நமக்குச் சரியாக இருக்கும். ஜூ சியாட் ரோட்டில் வியட்நாம் கடைகள். தாய்லாந்துச் சாப்பாட்டுக்குப் பெயர்போன கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023-ல் மூடப்பட்டுவிட்டது, பழைய நண்பர்கள் சொன்னார்கள் என்று அங்கே போய் நிற்காதீர்கள். ஆனால் எதிரே பீச் ரோட்டில் இருக்கும் கோல்டன் மைல் உணவங்காடியில் சூப் துலாங் கடைகளைப் பாருங்கள். சிவப்பாகக் கொழகொழவென்று ஆட்டெலும்புக் குழம்பு. எலும்புக்குள் உறிஞ்சு குழலை விட்டு மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும். நம் முஸ்லிம் சமையல்காரர்களின் கைவண்ணம்தான். இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்கி ரொட்டியோடு பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கடையில் நின்று 'அது என்ன, இது என்ன' என்று கேட்டதற்கு ஒரு ஆன்ட்டி எரிந்து விழுந்தார். வாடிக்கையாளரிடம் இப்படியா பேசுவது?
— வாசகி, தெம்பனிஸ்

மணி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டரையாக இருந்திருக்கும். பின்னால் இருபது பேர் நிற்கும்போது விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இல்லை அம்மா. மூன்று மணிக்குப் போங்கள், அதே ஆன்ட்டி உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதுவரை கேட்பார்.

முதலில் மேசையைப் பிடியுங்கள், ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்தால் போதும், யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்: என்ன, எத்தனை, இங்கேயா பொட்டலமா. காப்பிக் கடையில் வெறும் 'காப்பி' என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும் போட்டு வரும். 'காப்பி ஓ' பால் இல்லாமல், 'காப்பி சி' கெட்டிப் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பாலோடு. கூடவே 'சியூ தாய்' என்றால் சர்க்கரை குறைவு, 'கோசோங்' என்றால் சர்க்கரையே கிடையாது, 'பெங்' என்றால் ஐஸ். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோசோங் என்பதை மறக்காதீர்கள், இந்த ஊர்க் காப்பியின் இனிப்பு சாதாரணமில்லை.

கிராமத்திலிருந்து அப்பா அம்மா ஒரு மாதம் தங்க வருகிறார்கள். அப்பா சோறும் குழம்பும் இல்லாமல் இருக்க மாட்டார். அவரை வெளியே எங்கே அழைத்துப் போவது?
— வாசகர், ஈசூன்

முதல் வாரம் வீட்டிலேயே சமையுங்கள். அப்புறம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குக் கூட்டிப்போங்கள். வாழையிலை போட்டுச் சோறு வைப்பார்கள், அவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். அப்போது மீன் தலைக் கறி ஒன்று சொல்லுங்கள். 1949 வாக்கில் கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் சிங்கப்பூரில் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சீனர்கள், குழம்பு நம்முடையது. குடம்புளி இல்லாவிட்டாலும் புளிப்பு சரியாக இருக்கிறதே என்று அப்பாவே ஏதாவது கருத்துச் சொல்வார். அடுத்ததாக ஹேக் ரோட்டில் புட்டு பிரிங் வாங்கிக் கொடுங்கள். அரிசி மாவை அவித்து உள்ளே பனைவெல்லம் வைத்து, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு நம்ம புட்டுதானே என்பார். அதற்குப் பிறகு அவர்களை மலாய்க் கடை, சீனக் கடை எதற்கு வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம்.

சீனப் புத்தாண்டு வந்தால் எங்கள் வட்டாரத்தில் எல்லாக் கடையும் மூடிவிடுகிறது. என்ன செய்வது?
— வாசகர், தோ பாயோ

மலாய்க் கடையும் நம் கடையும் திறந்திருக்கும், அங்கே போங்கள். தீபாவளியன்று சீனக் கடை, நோன்புப் பெருநாளன்று நம் கடையும் சீனக் கடையும். ரமலான் மாதத்தில் பகலில் மூடியிருக்கும் மலாய்க் கடையைப் பற்றிக் கவலைப்படாமல் சாயங்காலம் கேலாங் சிராய்க்குப் போய்விடுங்கள், அங்கே நடக்கும் சந்தையில் நடக்கவே இடம் இருக்காது. இது தவிர, உணவங்காடிகளைக் கழுவிச் சுத்தம் செய்ய அவ்வப்போது மொத்தமாக மூடுவார்கள். தேதிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. தூரத்திலிருந்து ஒரு கடைக்காகவே கிளம்புவதாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள், பல கடைக்காரர்கள் ஓய்வெடுப்பது அன்றுதான்.